உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேர்ந்தால் நிலம் போய்விடுமா?

விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேரும் சிறு விவசாயியின் நிலம் நிறுவனத்தின் பெயருக்கு மாறிவிடும் என்றும், அதிகப் பங்கு வைத்திருப்பவரே அங்கு ஆட்சி செய்வார் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. உறுப்பினர் செலுத்துவது பங்குத் தொகை மட்டுமே. பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். நிறுவனச் சட்டத்தில் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக வந்த இந்த அமைப்பில், விவசாயி எத்தனை பங்குகள் வைத்திருந்தாலும் அவருக்கு ஒரே வாக்குதான். பங்குக்கான ஆதாயத்திற்கும் வரம்பு உண்டு. மிஞ்சும் இலாபத்தை ஊக்கத்தொகையாகப் பகிரும்போது, யார் நிறுவனத்தின் வழியாக எவ்வளவு வணிகம் செய்தார் என்பதையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். பங்குச் சந்தையில் இப்பங்குகளை விற்கவும் முடியாது.

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில் அரை ஏக்கரில் இலவம்பாடி முள் கத்தரி பயிரிடுபவர் தனியாக மண்டிக்குப் போனால், சொன்ன விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை (அந்தக் கத்தரிக்கு 2023-இல் கிடைத்த, ஊரின் தனித்தன்மையைக் காட்டும் புவிசார் குறியீடு மட்டும் பேரம் பேசிவிடாது). நிறுவனம் பலருடைய காய்களை ஒன்றாகச் சேர்த்துத் தரம் பிரித்து, ஒரே வண்டியில் ஏற்றி, மொத்தக் கொள்முதலாளருடன் நேரடியாக விலை பேசும்போதுதான் ஏற்றுகூலியும் தரகும் குறைகின்றன. உரத்தையும் விதையையும் மொத்தமாக வாங்குவதிலும் இதே கணக்குதான்.

அன்றாட வணிகத்துக்கான நடைமுறை மூலதனம் இல்லாமல் முடங்கிய நிறுவனங்கள் இருக்கின்றன, அந்தக் குறையை நண்பர் எழுப்பியிருந்தால் மறுத்திருக்க மாட்டேன். சேர விரும்புவோர் நிலத்தைப் பற்றி அஞ்சுவதை விட்டு, தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் ஆண்டுப் பொதுக்குழு முறையாகக் கூடுகிறதா என்பதையும் கேட்டறியட்டும்.