ஃபார்வ் வைக்கிங்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தாரா?

"வயசாகிவிட்டது என்று கிரீன்பே பேக்கர்ஸ் கழற்றிவிட்ட பிரெட் ஃபார்வ், நேரே பரம எதிரியான மினசோட்டா வைக்கிங்ஸில் சேர்ந்து சூப்பர் பவுல் வென்றார்" என்று அமெரிக்கக் கால்பந்து வீரர் ஒருவரைப் பற்றி ஒரு பதிவு சுற்றுகிறது. சூப்பர் பவுல் என்றால் அந்த விளையாட்டின் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் இறுதி ஆட்டம். பாதி உண்மை, மீதி சரடு.

2008 மார்ச்சில் ஓய்வை அறிவித்ததே ஃபார்வ்தான். மனம் மாறித் திரும்பியபோது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடம் ஆரன் ராட்ஜர்ஸுக்குப் போயிருந்தது. ஆகஸ்டில் அவரை நியூயார்க் ஜெட்ஸுக்குத் தள்ளிவிட்டது பேக்கர்ஸ். அதுவும் ஒரு நிபந்தனையோடு: ஜெட்ஸ் அவரை வைக்கிங்ஸுக்குக் கைமாற்றினால், முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள்) மூன்றை பேக்கர்ஸுக்குத் தர வேண்டும். அவ்வளவு பயம்! ஆனால் 2009இல் ஜெட்ஸ் அவரைக் கைமாற்றவில்லை, விடுவித்துவிட்டது. நிபந்தனை செல்லாக்காசானது. அந்த ஆகஸ்டில் வைக்கிங்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது.

அப்புறம் நடந்தது நிஜமாகவே அமர்க்களம். 40 வயதைத் தொட்ட அந்த சீசனில் 33 டச்டவுன் பாஸ்கள் (புள்ளி பெற்றுத் தரும் எறிதல்கள்), 7 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்துக்கொண்ட எறிதல்கள்) மட்டுமே. பேக்கர்ஸை இரண்டு முறையும் சாய்த்தார். நவம்பர் 1 அன்று பேக்கர்ஸின் சொந்த லாம்போ மைதானத்தில், பழைய ரசிகர்களே கூச்சலிட்டு வெறுப்பைக் கொட்ட, நான்கு டச்டவுன் வீசினார். ஸ்கோர் 38-26.

கோப்பைக் கதைதான் சுத்தப் பொய். 2010 ஜனவரியில் என்எஃப்சி இறுதி ஆட்டம் (வென்றால் சூப்பர் பவுலுக்குப் போகலாம்) 28-28 என்று நிற்க, கடைசி நொடிகளில் ஃபார்வ் ஓடிக்கொண்டே குறுக்காக எறிந்த பந்தை நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸின் டிரேசி போர்ட்டர் பறித்துக்கொண்டார். கூடுதல் நேரத்தில் வைக்கிங்ஸ் 31-28 என்று தோற்றது. ஃபார்வ் வென்ற ஒரே சூப்பர் பவுல், 1996 சீசனில் பேக்கர்ஸோடு வென்றதுதான்.