டு பாய்ஸை விட்டுவிட்டீர்களே

அமெரிக்காவில் இனம், பாலினம் சார்ந்த சமூகவியலில் முனைவர் படிப்புக்குப் போகிறவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரை நல்ல அறிமுகம். ஆனால் இனமும் பாலினமும் பின்னிப் பிணைந்தே ஒருவரை ஒடுக்குகின்றன என்ற கோட்பாட்டை (intersectionality) 1989-இல் கிம்பர்லே கிரென்ஷா எழுதியதிலிருந்துதான் இந்தத் துறையே தொடங்கியது போலச் சொல்லியிருப்பது வருத்தமாக இருக்கிறது. கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 1896-97-இல் பிலடெல்பியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கி, சுமார் 2,500 குடும்பங்களிடம் தானே விசாரித்து எழுதினார். கறுப்பர்களின் வறுமைக்குப் பிறப்பு காரணமல்ல, அடிமைமுறையின் மிச்சமும் வேலை மறுப்பும்தான் காரணம் என்று 1899-லேயே எண்களோடு காட்டினார். அவரை அழைத்த பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஒரு வகுப்பெடுக்கக்கூட விடவில்லை. நினைத்தால் இன்றும் மனசு கொதிக்கிறது.

சரி, கிரென்ஷா சட்ட அறிஞர். அவர் எடுத்துப் பேசிய வழக்கையாவது சொல்லியிருக்கலாம். 'கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே' என்ற ஆட்குறைப்பில் வேலையிழந்த ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் மீது தொடுத்த வழக்கு அது. நிறுவனம் பெண்களை (அவர்கள் வெள்ளையினப் பெண்கள்) வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். இனத்தையும் பாலினத்தையும் சேர்த்து வழக்காட முடியாது என்றும் 1976-இல் மறுத்துவிட்டது. சேரப்போகிற மாணவர்கள் கோட்பாட்டுக்கு முன்னால் அந்தத் தீர்ப்பைப் படித்துவிடுங்கள்.