சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு

போதைப் பழக்கம் என்றாலே அது எப்படித் தொடங்கியது என்பதில்தான் எல்லோருக்கும் ஆர்வம். யார் பழக்கிவிட்டார்கள், எந்த நண்பன் கெடுத்தான்? சரி, கேட்கலாம். ஆனால் சிகிச்சை முடிந்து ஆள் வீட்டுக்கு வருகிற அந்த முதல் சில வாரங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய பயம்.

ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளை (அபின் வகைப் போதைப்பொருள்களை) தொடர்ந்து எடுக்கும்போது உடல் பழகிக்கொள்கிறது. அதே அளவு போதாமல், கூட்டிக்கொண்டே போகிறார்கள். சில வாரங்கள் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஆனால் மனதுக்குத் தெரிந்தது பழைய அளவுதான். ஒரு நாள் தடுமாறி அதையே எடுத்தால், மூச்சை இயக்கும் மூளைப் பகுதி மந்தமாகி, தூங்குவதுபோலக் கிடந்தே உயிர் போய்விடும். சிறையிலிருந்து விடுதலையானவர்களிடம் முதல் இரண்டு வாரங்களில் இத்தகைய சாவுகள் அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாங்கியதில் ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம், அது ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியம்.

நாலோக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. மூக்கில் ஸ்ப்ரே அடித்தாலே நின்ற மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் (அதன் வேகம் சீக்கிரம் குறையும், அதனால் ஆஸ்பத்திரிக்கும் ஓட வேண்டும்). ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக எடுத்தவருக்கு அதை யார் அடிப்பது? "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்ற கேள்விக்குப் பயந்துதான் பலர் கதவைச் சாத்துகிறார்கள். தடுமாறியவரைத் துரோகி மாதிரி நடத்தும் வீடுகள் மீது எனக்குக் கோபமே வருகிறது.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையாகித் திரும்பிய அமெரிக்க வீரர்களை 1970களில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். நாடு திரும்பிய பிறகு பெரும்பாலோர் மீண்டும் அடிமையாகவில்லை. எல்லாம் மன உறுதிதான் என்பவர்களைக் கேட்கிறேன்: அத்தனை பேருக்கும் விமானம் ஏறியதும் உறுதி வந்துவிட்டதா? சூழல் மாறியது, உடனிருந்த ஆட்கள் மாறினார்கள். நாமோ சத்தியம் ஒன்றை வாங்கிக்கொண்டு, அதே அறைக்கும் அதே நண்பர்களுக்கும் திருப்பி அனுப்புகிறோம்.

குடி விஷயத்தில் ஒன்று. பல வருடம் தினமும் குடித்தவரை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

அப்புறம், ஓபியாய்டு பழக்கத்துக்கு மெத்தடோன், புப்ரினார்பின் என்ற மாற்று மருந்துகளை மருத்துவர் கொடுத்தால் "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். இவற்றை ஒழுங்காக எடுப்பவர்களிடம் சாவு கணிசமாகக் குறைகிறது. சித்தப்பா சொன்னார், மாமா சொன்னார் என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.