சிட் பாரெட் தனியாக விடப்படவில்லை

சிட் பாரெட், பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர்; குழுவை விட்டுப் பிரிந்த பிறகு தன் பெயரில் இரண்டு ஆல்பங்கள் செய்தார். "பாரெட்டைக் கழற்றிவிட்ட பிறகு பிங்க் ஃப்ளாய்ட் ஆட்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இரண்டு ஆல்பங்களையும் அவர் ஒண்டியாகத்தான் செய்தார்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதில் பாதிதான் சரி. 1968 ஜனவரியில் சவுத்தாம்ப்டன் கச்சேரிக்குப் போகும் வழியில் அவரை ஏற்றிக்கொள்ளாமலே போனார்கள். அது நடந்ததுதான், எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் ஆல்பங்கள் விஷயம் வேறு. முதல் ஆல்பமான 'தி மேட்கேப் லாஃப்ஸ்' பதிவைத் தயாரிப்பாளர் மால்கம் ஜோன்ஸ் பாதிவரை கொண்டுவந்தார். அதை முடித்துக் கொடுத்தவர்கள் பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோரும் ரோஜர் வாட்டர்ஸும். 1970 ஜனவரியில் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 'பாரெட்' ஆல்பத்தின் தயாரிப்பாளர்கள் கில்மோரும் அதே குழுவின் ரிச்சர்ட் ரைட்டும். பாரெட்டின் இடத்துக்கு வந்த அதே கில்மோர்தான்! 'டாமினோஸ்' பாட்டில் டிரம்ஸ் வாசிப்பதும் அவரே.

முதல் ஆல்பத்தில் உள்ள 'நோ குட் டிரையிங்' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். பாரெட் தன் கிடாரோடு பாடி வைத்திருந்த பதிவின் மேல் சாஃப்ட் மெஷின் என்ற இன்னொரு ராக் குழுவினர் பிறகு வாசித்துச் சேர்த்தார்கள். அவர் தாளம் நினைத்த இடத்தில் நீளும், குறுகும். ராபர்ட் வயட்டின் டிரம்ஸ் அதைத் துரத்திக்கொண்டே போவது நன்றாகவே கேட்கும். ஒண்டியாகச் செய்த ஆல்பத்தில் இந்தத் தடுமாற்றமே வந்திருக்காது.

குழுவின்மேல் கோபப்படலாம், தப்பில்லை. அதற்காகக் கூட உட்கார்ந்து வேலை பார்த்தவர்களின் பெயரை அழிக்க வேண்டாம். தயாரிப்பாளர்களின் பெயர் ஆல்பத்தின் உறையிலேயே அச்சிட்டிருக்கிறது, பாருங்கள்.