ஹசார்ட் லைட்டைப் போடாதீர்கள்

அரிசோனாவின் டூசானில் கோடைப் புயல் பார்ப்பது பற்றிய கட்டுரை நன்று. ஆனால் புழுதிச் சுவர் வந்தால் காரை ஓரங்கட்டி, நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்ட் லைட்டைப் போடச் சொல்லியிருப்பது ஆபத்து. அங்கே சொல்லித்தரும் முறை நேர் எதிர். ரோட்டை விட்டு முடிந்தவரை தள்ளி நிறுத்தி, ஹெட்லைட், ஹசார்ட் எல்லாவற்றையும் அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். கால் அதிலேயே இருந்தால் பின்விளக்கு சிவப்பாக எரியும். புழுதியில் வழி தெரியாமல் வருகிறவர் அதைப் பார்த்து ரோடு அந்தப் பக்கம் என்று நினைத்து நேராக வந்து மோதுவார். சீட் பெல்ட்டையும் கழற்றாதீர்கள்.

புயல் சீசன் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்பது கணக்குக்குத்தான். ஜூன் கடைசி வரை பெரும்பாலும் வெறும் வெயில். ஜூலை நடுவில் போங்கள். மதியவாக்கில் டூசானை ஒட்டிய காட்டலீனா மலைமேல் காலிஃபிளவர் மாதிரி மேகம் திரளும். அதன் தலை தட்டையாகப் பரவினால் மின்னலுக்குத் தயாராகலாம்.

வாஷ் எனப்படும் வறண்ட ஓடைகளில் மட்டும் நிற்காதீர்கள். மலையில் பெய்த மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாதபோதும் அங்கே வெள்ளமாக வரும். ஓரடி ஓட்டத் தண்ணீர் போதும், சின்னக் காரை இழுத்துப்போக. வெள்ளம் ஓடும் ரோட்டில் வைத்த தடுப்பை மீறிக் காரை இறக்கிச் சிக்கினால் மீட்புச் செலவை உங்களிடமே வசூலிக்கச் சட்டம் உண்டு. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்'.

இடி கேட்டால் கேமரா ட்ரைபாடை அப்படியே விட்டுவிட்டுக் காருக்குள் ஏறுங்கள். கடைசி இடிக்குப் பிறகும் 30 நிமிடம் இறங்க வேண்டாம்.