சராசரி மழையை நம்பலாமா?

அணைகளுக்கு வரும் சராசரி நீரளவை வைத்தே மின்கொள்முதலைத் திட்டமிடலாம் என்கிறார் கட்டுரையாளர். மின்சாரத்துக்குப் பெரிதும் அணைநீரை நம்பும் பிரேசிலை மறந்துவிட்டார்போலும். அணைநீரை இன்று திறந்தால் மின்சாரம் மலிவு; நாளை மழை பொய்த்தால் அனல் நிலையம், அதுவும் போதாவிட்டால் மின்வெட்டு. இந்த இழுபறிக்காகத்தான் பிரேசில் ஆய்வாளர்கள் பெரெய்ராவும் பின்டோவும் 1991இல் பல மழை நிலவரங்களைச் சேர்த்து எடைபோடும் கணக்குமுறையை வெளியிட்டார்கள். அப்படியும் 2001இல் அணைகளின் நீர்மட்டம் சரிந்து, மாதம் 100 யூனிட்டுக்கு மேல் எரித்த வீடுகள் 20 சதவீதம் குறைக்க வேண்டியதாயிற்று. (பழியைக் கணக்கின்மேல் மட்டும் போட முடியாது, புதிய நிலையங்களும் மின்தடங்களும் தாமதமாயின.) மிக மோசமான நிலவரங்களின் செலவுக்குக் கூடுதல் எடை தரும் முறை அங்கே கணக்கில் 2013இல்தான் சேர்ந்தது. அதனால் அனல் நிலையங்கள் முன்னதாகவே ஓடும், செலவும் ஏறும். காப்பீட்டுத் தவணை மாதிரிதான். அதை எவ்வளவு கட்டலாம், யார் முடிவுசெய்வது என்பதையல்லவா கட்டுரை பேசியிருக்க வேண்டும்?