சிறுவரை அனுப்பி மது வாங்கவைப்பது சட்டவிரோதப் பொறியா?

கலிபோர்னியாவில் கடை நடத்துவோரிடையே வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: "மதுக் கட்டுப்பாட்டுத் துறை ஆள் வைத்துச் சிக்கவைத்தால் வழக்கு நிற்காது, உரிமத்துக்கும் ஆபத்தில்லை."

இது தவறு. 'பொறி', அதாவது அதிகாரிகளே தூண்டிக் குற்றம் செய்யவைப்பது என்ற வாதத்தை மாநில உச்ச நீதிமன்றம் 1994-லேயே தள்ளிவிட்டது. வற்புறுத்தலோ கெஞ்சலோ இல்லாமல், சாதாரண வாடிக்கையாளர் போல வந்து வாங்குவது பொறியாகாது என்பதே அதன் நிலை.

அதற்காகத் துறை இஷ்டத்துக்கு ஆடவும் முடியாது. அங்கே மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். அனுப்பப்படுபவர் 20 வயதுக்குக் குறைந்தவராக, 21 வயதுக்குக் குறைந்தவரைப் போன்ற தோற்றத்துடன் இருக்க வேண்டும். வயதைக் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். அடையாள அட்டை கையில் இருந்தால், கேட்டதும் காட்ட வேண்டும். அதில் உண்மையான பிறந்த தேதியே இருக்கும். விற்ற பிறகு, விற்றவரை நேருக்கு நேர் அடையாளம் காட்ட வேண்டும். இதில் பிசகினால் கடைக்காரருக்கு அதுவே தற்காப்பு. (அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டும் விற்கிறார்கள் சிலர், அதுதான் வேடிக்கை.)

முதல் முறை சிக்கினால் வழக்கமாக 15 நாள் உரிம நிறுத்தம். 36 மாதங்களில் மூன்று முறை என்றால் உரிமமே ரத்தாகலாம். விற்ற ஊழியர் மீது தனியாகக் குற்ற வழக்கும் வரும்.